வெயிலில் பார்க்காத நிறம்

பொழுது சாய்ந்துவிட்டால் திருஞானசம்பந்தம் கலர் பார்க்க மாட்டார். பிள்ளையார்பாளையத்தில் இது ஊரறிந்த விஷயம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி காரை விட்டிறங்கி, ஒரு ஜாக்கெட் துண்டை நீட்டி, இதே கலரில் ரெண்டு கிலோ பட்டு வேணும் என்று கேட்டாலும் சரி, அந்தத் துண்டைக் கையால்கூடத் தொடமாட்டார். "காலைல வாங்க. வெய்யில்ல பாத்துச் சொல்றேன்" என்பார். டியூப்லைட் இருக்கிறதே என்றால் சிரிப்பார். விளக்கு வெளிச்சத்தில் அரக்கு சிவப்பாகும், நீலம் பச்சையாகும், மனுஷன் முட்டாளாவான் என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாகச் சாயப்பட்டறை நடத்துகிறவர். ஷேடு மாறிவிட்டது என்று ஒரு கழி நூல்கூட அவரிடம் திரும்பி வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, பெட்ரோல் பங்க் விளக்கின் கீழே நின்று கலர் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கையை நீட்டிவிட்டார்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அவர் மனைவி கமலவேணிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வைத்திருந்தாள். சாயம் போட்டு உலர்த்திய பட்டுக் கழிகளை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, பின்னால் கேரியரில் வைத்து, ஓரிக்கையில் நூல் சுற்றுகிற வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். வாரத்தில் நாலு நாள் இந்தப் பயணம். ஆட்டோவில் போயேன் என்றால் கேட்கமாட்டாள். அந்த அரைமணி நேரம்தான் யாரும் தன்னை ஏவாத நேரம் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். ஓரிக்கை ரோட்டில் ஓரிடத்தில் சாக்கடை மூடி உடைந்து ஆள் விழுகிற அளவுக்குப் பள்ளம் கிடக்கும். அதை ஒட்டி ஒரு வண்டி மணல் கொட்டியிருந்தார்கள். சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கே கொஞ்சம் ரோட்டுக்குள் ஏறித்தான் போயாக வேண்டும். கமலவேணியும் ஏறினாள். பின்னாலேயே ஒரு கார், வைத்த கையை எடுக்காமல் ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்க இடமில்லை. கார் பக்கத்தில் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"ஏ கெழவி, ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா? ஓரமாப் போவத் தெரியாது?"

கமலவேணி சும்மா வாங்கிக்கொள்கிற ஆளா? "இதுக்கு மேல எங்க ஓரம்? சாக்கடைக்குள்ளாற எறங்கட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. சைக்கிளில் போகிற பொம்பளை, காரில் போகிறவனிடம் வாய் கொடுக்கலாமா? "வாய் வேறயா உனக்கு?" என்றவன், முந்திப் போகிற சாக்கில் வண்டியை வேண்டுமென்றே இடது பக்கம் ஒடித்தான். காரின் பக்கவாட்டுக் கதவு கேரியர் கம்பியில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போனது. கமலவேணி சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தாள். வலது மணிக்கட்டில் ரெண்டு இடத்தில் முறிவு, தோள்பட்டை எலும்பில் விரிசல். மூட்டை அவிழ்ந்து அரக்குக் கலர்ப் பட்டு ரோடெல்லாம் சிதறியது. அதன் மேல் லாரி ஏறிப் போனது. கார் நிற்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ரசீது எழுதிக் கொடுத்தார்கள். நம்பர் பார்த்தீர்களா என்றார்கள். பள்ளத்துக்குள் கிடக்கிறவள் நம்பரை எங்கே பார்ப்பது? எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "கொஞ்சம் ஓரமாப் போயிருக்கலாம்ல?" என்றார். அதைக் கேட்டதும் சம்பந்தத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. அடித்தவனும் அதையேதான் சொன்னான், கேஸ் எழுதுகிறவனும் அதையேதான் சொல்கிறான். எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைப் புரட்டிப் பார்த்தார். கேரியர் கம்பியின் நுனியில் காரின் பெயின்ட் ஒட்டியிருந்தது. நகத்தளவு. பிளேடால் பக்குவமாகச் சுரண்டி எடுத்து, தன் சாம்பிள் நோட்டில் செலோ டேப் போட்டு ஒட்டினார். அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பட்டு நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பெயின்ட் துண்டையும் அதில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். முற்றத்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோது மனசுக்குள் கணக்கு ஓடியது. மயில்கழுத்து. பச்சையைவிட நீலம் ஒரு பிடி தூக்கல். இந்தக் கலர் இனி எங்கே கண்ணில் பட்டாலும் விடமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பிலேயே நாலு நாள் போயிற்று. ரோட்டில் எந்தக் கார் போனாலும் திரும்பிப் பார்த்தார். வேலை ஓடவில்லை. கமலவேணி இடது கையால் சோறு அள்ளத் தெரியாமல் தட்டில் இறைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ரோட்டுக்குப் போய் நின்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரைக்கண்ணுவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். துரைக்கண்ணு அதே தெருவில் தறி வைத்திருக்கிறவர், தெருச் சங்கத்துக்குத் தலைவர், வாய்ச்சவடாலுக்குக் குறைவில்லாத ஆள். பங்க்கில் வண்டி நின்றது. முன்னால் ஒரு வாடகைக் கார். இடது பக்கக் கதவில் நீளமாக ஒரு கீறல். சம்பந்தம் கையோடு கொண்டுவந்திருந்த நோட்டைப் பிரித்துக் கதவோடு வைத்துப் பார்த்தார். வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன.

"யோவ், வண்டிய இன்னாத்துக்குத் தொடற?" என்று டிரைவர் அதட்டினான். முப்பது வயசு இருக்கும். அருள் என்று பெயர், ஓரிக்கைக்காரன் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

"இந்தக் கீறல் எப்படி வந்துச்சு?"

"வாலாஜாபாத்ல ரைஸ் மில் வாசல்ல லாரி ஒரசிச்சு. நீ யாரு கேக்கறதுக்கு?"

சம்பந்தம் அறைந்தார். முதல் அடி அவருடையதுதான். அதற்கப்புறம் துரைக்கண்ணு கத்தினார், பொம்பளைய இடிச்சுட்டு ஓடனவன் இவன்தான் என்று. பங்க்கில் நின்றவர்கள், டீக்கடையில் நின்றவர்கள், யார் எவர் என்று தெரியாதவர்கள், எல்லாரும் கை வைத்தார்கள். அருள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான். "நான் இல்லீங்க. நல்லாப் பாருங்க, காலைல வந்து வண்டியப் பாருங்க, நான் எங்கயும் போவ மாட்டேன்." யார் காதில் விழுந்தது? கார்க் கண்ணாடி நொறுங்கியது. அவனுக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. போலீஸ் வந்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வார்டு வாசலில் காவல் போட்டு, கொலை முயற்சி என்று கேஸ் எழுதியது. காரை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள்.

மறுநாள் தெருவே திரண்டு ஓரிக்கை ரோட்டில் மறியல் செய்தது. கைக்கட்டோடு கமலவேணி நிற்கிற படத்தை பேனரில் போட்டு, சைக்கிளுக்கு வழி விடு என்று எழுதிப் பிடித்தார்கள். ஆளைப் பிடித்துக் கொடுத்ததே நாங்கள்தான் என்று துரைக்கண்ணு மைக்கில் முழங்கினார். அதிகாரிகள் வந்தார்கள். சாக்கடைக்கு மூடி, ஒரு வேகத்தடை, சைக்கிளுக்கென்று ஓரத்தில் வெள்ளைக் கோடு, மூன்றும் புதன்கிழமை ஆரம்பம் என்றார்கள். எத்தனையோ வருஷமாக மனு கொடுத்தும் நடக்காத காரியம். சம்பந்தத்தைத் தோளில் தூக்காத குறைதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். கேரியரில் ஒரு தூக்குச்சட்டி.

"நான் ரேவதி. அருளோட சம்சாரம்" என்றாள்.

சம்பந்தம் எழுந்தே விட்டார். "வெளிய போ! எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்த நீ?"

அவள் போகவில்லை. அவரைத் தாண்டி உள்ளே சுவரோரம் சாய்ந்திருந்த கமலவேணியைப் பார்த்தாள். "அக்கா, உங்கள எனக்குத் தெரியும். பட்டு மூட்டையோட எதுக்கால வருவீங்க. நான் துணிக்கடைக்கு வேலைக்குப் போவேன். மழை வந்தப்ப ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே மரத்தடியில நின்னோம்."

"தெரியும்மா. நீ பிஸ்கட் குடுத்த" என்றாள் கமலவேணி.

"அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கே அவரு வாலாஜாபாத் சவாரி போயிட்டாரு. வண்டில ஏறிப் போனவரே வந்து சாட்சி சொல்றேன்னாரு. ஸ்டேஷன்ல யாரும் கேக்கல. நீங்க கலர் பாத்துச் சொன்னீங்களாம். உங்க கண்ணு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. ஒரே ஒரு வாட்டி போயி வண்டியப் பாருங்கண்ணே. அவ்ளோதான் நான் கேக்கறது."

"பாத்தாச்சு. பாத்துதான் சொன்னேன்!"

கமலவேணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, அவர் ஒவ்வொரு புது ஷேடையும் கொண்டுவந்து காட்டும்போது அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதையே இப்போதும் கேட்டாள்.

"வெய்யில்ல பாத்தீங்களா?"

சம்பந்தத்தின் கண் முற்றத்து வெயில் பக்கம் போயிற்று.

"என்னைய இடிச்சவன் எங்கிட்டதான் பேசினான். அவன் மூஞ்சி எனக்கு மறக்குமா? இந்தாளக் கொண்டாந்து காட்டினீங்களா? இவனா பாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் கமலவேணி. "என் படத்தத்தான் தூக்கிக்கினு போனீங்க."

ரேவதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சம்பந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். போகிற வழியெல்லாம், அதே கலராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனார். பாவி மனுஷன், இன்னொருத்தன் குற்றவாளியாக இருக்கவேண்டும் என்றா வேண்டுவார்கள்? அன்றைக்கு அவர் வேண்டினார்.

ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்துக்கு அந்தாண்டை கார் நின்றது. மணி பத்து. நல்ல வெயில். நோட்டைப் பிரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அது பாட்டில் பச்சை. சுத்தமான பச்சை. ஒரு சொட்டு நீலம் கிடையாது. இருந்தாலும் நோட்டைப் பிரித்து வைத்துப் பார்த்தார். நேற்றுப் பட்டறையில் சேர்ந்த பையனைக் கேட்டாலும் இது வேற, அது வேற என்று சொல்லிவிடுவான். கீறலைப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. சைக்கிள் கேரியர் அவ்வளவு உயரம் ஏது? வெள்ளிக்கிழமை அதைக்கூடப் பார்க்கவில்லை. கோபத்தில் இருந்த கண்ணுக்குக் கோபம்தான் தெரிந்திருக்கிறது. மரத்தடியில் குந்திவிட்டார்.

நேரே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து வாசல் வரைக்கும் போகவும் செய்தார். அங்கே துரைக்கண்ணு, மறுநாள் பந்தோபஸ்துக்கு எழுதிக் கொடுக்க வந்தவர், எதிரில் நின்றார். சம்பந்தம் அவரிடம் சொன்னார்.

துரைக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார். அவரை ஓரமாக இழுத்துப்போனார். "யோவ் சம்பந்தம், உனக்கு இன்னா பைத்தியமா? நாளைக்குக் கோடு போட வர்றாங்க. இப்பப் போயி ஆள் மாறிப்போச்சுன்னா, கோடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அத்தோட, அடிச்ச நம்மள எல்லாம் உள்ள தள்ளுவான்."

"அந்தப் பையன் படுத்துக் கெடக்கறானேப்பா."

"ஒரு நாள் கெடக்கட்டும். கோடு போட்டு முடியட்டும், நானே கூட வந்து சொல்றேன். ஒரே ஒரு நாள். எத்தினி பேரு உசுரு தப்பும்னு பாரு."

இதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. அதுதான் கேடு. இல்லாவிட்டால் சம்பந்தம் கேட்டிருக்க மாட்டார். தன் பயத்துக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்ததும் மனுஷனுக்கு அது எவ்வளவு சௌகரியமாகப் போய்விடுகிறது! தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பாத்தீங்களா?" என்றாள் கமலவேணி.

"ம். வேறதான்."

"சொல்லிட்டீங்களா?"

"நாளைக்கு. கோடு போட்டு முடியட்டும்."

"அந்தக் கோட்டுல நான் சைக்கிள் ஓட்ட மாட்டேன்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவும் இல்லை.

புதன்கிழமை காலை ஓரிக்கை ரோட்டில் ஒரே கூட்டம். சாக்கடைக்குப் புது சிமென்ட் மூடி போட்டாயிற்று. ரெண்டு பேர் மிஷினைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போனார்கள். கமலவேணி வரவில்லை, உடம்பு முடியவில்லை என்று துரைக்கண்ணு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தத்தின் கழுத்தில் ஒரு சால்வையைப் போட்டார்கள். அவர் அதைக் கையில் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. யாருடைய கழுத்திலோ கிடக்கிற மாதிரி கிடந்தது.

"மொத சைக்கிள் வருதுப்பா! வழி விடுங்க, வழி விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ஓரிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்து நெருக்கியது. அவள் பழக்கப்பட்ட கையால் ஹாண்டிலை ஒடித்துக் கோட்டுக்கு உள்பக்கம் வந்துவிட்டாள். கார் வெளிப்பக்கமாகவே போயிற்று. கூட்டம் கைதட்டியது. விசில் பறந்தது. "பாத்தியா, பாத்தியா! இதுக்குத்தான்பா இத்தினி பாடு!" என்று துரைக்கண்ணு குதித்தார். ஓடிப்போய் சைக்கிளை மறித்தார். "நில்லும்மா, நீதாம்மா மொத ஆளு. ஒரு போட்டோ. ஸ்வீட்டு எடுத்துக்கோ."

அந்தப் பெண் ஒரு காலை ஊன்றி நின்றாள். கேரியரில் தூக்குச்சட்டி. ரேவதி. துரைக்கண்ணுவுக்கு அவளைத் தெரியாது. கைதட்டின ஒருத்தருக்கும் தெரியாது. அவள் அந்த லட்டை வாங்காமல், பேனரைப் பார்த்தாள், சால்வையைப் பார்த்தாள், சம்பந்தத்தைப் பார்த்தாள்.

"வண்டியப் பாத்தீங்களாண்ணே?" என்றாள்.

இதற்கு மேலும் மறைத்தால் தான் மனுஷனே இல்லை என்று சம்பந்தத்துக்குத் தோன்றியது. சால்வையை உருவிக் கீழே போட்டார்.

"பாத்தேம்மா. இடிச்சது உன் வூட்டுக்காரர் இல்ல. இவங்க அருளோட சம்சாரம்பா," என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார், "நாம அடிச்சமே, அந்தப் புள்ளையோட சம்சாரம். அவன் இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன். மொத அடி நான்தான் அடிச்சேன்."

மிஷின் தள்ளினவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

ரேவதி அழவில்லை, திட்டவில்லை. "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்து."

"நேத்து எப்ப?"

"காலைல. பத்து மணிக்கு."

"நேத்து சாயங்காலம்தான் அவர் கைய கட்டிலோட சேத்து வெலங்கு மாட்டினாங்க" என்றாள் ரேவதி. "என் பொண்ணு பக்கத்துல நின்னுக்கினு இருந்தா. ஆறு வயசு. அப்பா திருடனாம்மான்னு கேட்டா."

அவள் பெடலை மிதித்தாள். யாரும் மறிக்கவில்லை, தானாகவே விலகினார்கள். சோறு ஆறிவிடும் என்ற அவசரம் அவளுக்கு. காயாத கோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதில், டயரின் வெள்ளைத் தடம் ரோட்டில் கொஞ்ச தூரத்துக்கு விழுந்தது.

துரைக்கண்ணு எதையோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தம் நின்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று கமலவேணி கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள், கைக்கட்டோடு. இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, கோடு போட்டாச்சா?" என்று நாற்காலியைக் காட்டினார்.

சம்பந்தம் உட்காரவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளிய வாங்க சார்" என்றார். "வெய்யில் போறதுக்குள்ள ஒண்ணு காட்டணும். அப்பறம் என் பேருல ஒரு கேஸ் எழுதணும்."